தோளை விட்டு இறங்காத கை

நடந்துவிட்டு வந்து, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டு, அடுப்பில் கோப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். மணிக்கட்டு அதிர்ந்தது. கடிகாரத்தின் முகத்தில் ஒரு சின்ன மனிதன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான். கீழே என்னவோ இங்கிலீஷில் எழுதியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அந்த மனிதன் என்ன சொல்கிறான் என்பதை மகன் முன்பே சொல்லிவைத்திருந்தான். வெகு நேரமாக உட்கார்ந்தே இருக்கிறாய், எழுந்து நட என்கிறான்.

நான் உட்காரவே இல்லை. ரயில் ஸ்டேஷன் வரை போய், செம்பனைக் காட்டு ஓரமாகத் திரும்பி, கோயில் மேட்டில் ஏறி இறங்கி, அப்போதுதான் வீட்டுக்குள் காலை வைத்திருந்தேன். முதுகில் வேர்வை காயவில்லை. அந்த மனிதனைப் பார்த்து, போடா என்றேன். அவன் பாட்டுக்குக் கையைத் தூக்கியபடியே நின்றான்.

இடது கையில் இந்தக் கடிகாரம் மகன் கட்டிவிட்டது. கறுப்பு ரப்பர் பட்டை. மோந்து பார்த்தேன், ரப்பர் வாசனையே இல்லை. என்ன ரப்பரோ. நேரம் காட்டும். ஆனால் நேரம் பார்க்க அவன் அதைக் கட்டவில்லை. உள்ளே ஒரு வட்டம் இருக்கிறது. காலையில் சாம்பல் நிறத்தில் வெறும் வட்டமாக இருக்கும். நாம் நடக்க நடக்க விளிம்பில் பச்சை ஏறும். முழுவதும் பச்சையாகிவிட்டால் தீபாவளி மாதிரி வாணம் வெடிக்கும். நான் என் கையில் பார்க்கிற அதே வட்டத்தை அவன் தன் கைப்பேசியில் பார்ப்பான். அவனுக்கு வீடு எல்லையோரத்து ஜேபி பட்டணத்தில், வேலை பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில். வேலை முடிந்து பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது, கூட்டத்தில் நின்றுகொண்டே என் வட்டத்தைத் திறந்து பார்ப்பானாம். அம்மா நடந்தாளா, படுத்துவிட்டாளா என்று அதில் தெரிந்துவிடுமாம்.

இந்தக் கடிகாரம் வந்த கதை இதுதான். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. இடுப்பில் நல்ல அடி. இனிப்பு நீர் வியாதி வேறு இருக்கிறது. கிளினிக்கில் டாக்டர் பெண், தினமும் நடக்க வேண்டும், சும்மா உட்கார்ந்தால் கால் போய்விடும் என்று சொன்னாள். மகன் என்னை ஜேபிக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டான்.

அந்த வீடு ரொம்ப உயரத்தில் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் கடல் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரியும். மருமகள் தங்கமான பெண். வேலையிலிருந்து களைத்து வந்தாலும் என் இடுப்புக்கு எண்ணெய் தடவிவிட்டுத்தான் சாப்பிடுவாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கஷ்டம். பகலில் இரண்டு பேரும் போய்விடுவார்கள். லிஃப்டில் இறங்க ஒரு அட்டையைத் தொட்டுக் காட்ட வேண்டும், எனக்கு அட்டை இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வெளியே போக அட்டை கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, ஜன்னலிலிருந்து அடுப்படி வரை நடந்தேன். திரும்பினேன். மறுபடி நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே என்ன உருட்டுகிறார்கள் என்று காவல்காரரை அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலம், நான் ரெங்கத்துக்கு, என் வீட்டுக்கே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மகன் யோசித்து யோசித்து ஒரு கண்டிஷன் போட்டான்.

"அங்க தனியா இருக்கணும்னா, தெனமும் இந்த வட்டம் நெறையணும்மா. நெறைஞ்சா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நெறையலன்னா, வீட்டப் பூட்டிட்டு எங்ககூட வந்துடணும். சரியா?"

"நடக்கிறதுக்கா எனக்குப் பயம் காட்டுற?" என்றேன். சரி என்றும் சொன்னேன்.

ரெங்கம் வீடு என் பேரில் இருக்கிற வீடு. தாமான் குடியிருப்பில் ஓரத்து வீடு. நானும் அவன் அப்பாவும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்து வாங்கினது. அவர் போன பிறகும் நான் அதில்தான் இருக்கிறேன். வாசல் இரும்புக் கதவைத் திறந்தால் ரோடு, ரோட்டில் இறங்கினால் நான் பாட்டுக்குப் போகலாம். யாரிடமும் எதையும் தொட்டுக் காட்ட வேண்டாம். ஒரு கடிகாரத்துக்காக அந்தக் கதவை விடுவேனா.

ஆனால் வட்டம் நிறையவில்லை. முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. போய்விட்டு வந்து பார்ப்பேன், பச்சை ஒரு நூல் அளவு இருக்கும். மூன்றாம் பிறை மாதிரி. சரி, தூரம் போதவில்லை என்று மறுநாள் இன்னும் தள்ளிப் போனேன். சீனன் கோப்பிக் கடையைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, தோட்டத்துப் பழைய பால் ஸ்டோர் இருந்த இடம் வரை போனேன். கால் வலித்ததே தவிர, வட்டம் அசையவில்லை. வீட்டுக்கு வந்து ஏதோ மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் திடீரென்று கொஞ்சம் ஏறிற்று. அதை நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலமானால் போன் வரும்.

"இன்னிக்கு நடக்கலையாம்மா?"

"நடந்தேனே."

"வாட்ச் வேற மாதிரி காட்டுதே."

"வாட்ச் என்னத்தையோ காட்டட்டும். நான் நடந்தேன்."

பஸ் சத்தத்துக்கு நடுவே மெதுவாகச் சொல்வான், முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்லுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று. அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் திருப்பிப் பேசியிருப்பேன். பரிதாபம் இருந்தது. அது எனக்கு ஆகாது.

ஒரு நாள் அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டான்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்கம்மா."

"நான் பெத்தது ஒன்னையா, அந்த வாட்ச்சையா?" என்று கேட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பை மறுபடி துடைத்தேன். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். படுத்தால் கை கடிகாரத்துக்கே போகிறது. தொட்டால் வெளிச்சம் வருகிறது, வட்டம் வருகிறது. அந்தச் சாம்பல் வட்டத்தைப் பார்த்துப் பார்த்து, நிஜமாகவே நான் நடக்கவில்லையோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றிற்று.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு உண்டு, ஆள் கணக்கெடுப்பு. ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்போம், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுவார், நாம் குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுக்காவிட்டால் அன்றைக்கு நாம் வேலைக்கு வரவில்லை, நேரிலேயே நின்றாலும் வரவில்லை. ஒரு தடவை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கையைத் தூக்கிக் காட்டினேன், கிராணி நிமிர்ந்தே பார்க்கவில்லை. இந்தக் கடிகாரத்தின் முன்னால் நிற்பதும் அப்படித்தான் இருந்தது. இங்கேதான் நிற்கிறேன், கால் வலிக்க நடந்துவிட்டு வந்து நிற்கிறேன், அது நிமிர்ந்து பார்க்கமாட்டேன் என்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை. அடிபட்ட இடுப்போடு தரையில் உட்கார முடியாது என்று எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். பூஜை முடியும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு பாடினேன், அவ்வளவுதான். தீபாராதனைக்குக் கும்பிட நிமிர்ந்தபோது மணிக்கட்டு அதிர்ந்தது. பார்த்தால் வாணம். வட்டம் முழுப் பச்சை.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போன் வந்துவிட்டது. மகன் குரலே வேறாக இருந்தது. பார்த்தீர்களா, மனசு வைத்தால் முடிகிறது இல்லையா என்றான். மருமகளும் பக்கத்திலிருந்து, சூப்பர் அத்தை என்றாள். ஒரு நாளும் நடக்காதவளை நடக்க வைத்துவிட்ட சந்தோஷம் இரண்டு பேருக்கும். நான் நாற்காலியில் உட்கார்ந்துதான் இருந்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதையும் நம்பமாட்டார்கள் என்று மூடிக்கொண்டேன்.

மறுநாள் இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவளும் எங்கள் தோட்டத்து ஆள்தான், மருந்தடிக்கிற வேலையில் இருந்தவள். என்னைவிட இளையவள், வாய் மட்டும் மூத்தது. அவள் சிரித்த சிரிப்பில் வேலி ஓரத்துக் கோழி மிரண்டு ஓடியது.

"அலமாக், அப்பறம் என்னக்கா சுசா, என்ன கஷ்டம்? வீட்டுல ஒக்காந்து கையத் தட்டுங்க. இல்லன்னா எங்க வீட்டு நாய் கழுத்துல கட்டிவிடுங்க, அது இந்தத் தாமானையே நாலு சுத்துச் சுத்தும். ஒங்க மவன் ஒங்கள ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பிடுவான்."

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து தட்டினால் போதும், வீடு எனக்கு. ஆனால் நான் தினமும் நடக்கிறவள். நடக்கிறவள் எதற்காக நடந்த மாதிரி ஏமாற்ற வேண்டும்? என் வீட்டுக்குள் நானே பின்பக்கமாக நுழைந்த மாதிரி இருக்காதா? மாட்டேன் என்றேன்.

"அப்போ பொட்டியக் கட்டுங்க," என்றாள் அவள்.

கைதான் விஷயம் என்று அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. கால் நடந்தால் அதற்குத் தெரியாது, கை ஆடினால்தான் தெரியும். சரி, கையை ஆட்டித்தான் நடப்போமே என்று அடுத்த நாள் காலையில் இரண்டு கையையும் வீசிக்கொண்டு இறங்கினேன். கோப்பிக் கடைக் கிழவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் போட்டி விளையாட்டில் அணிவகுத்துப் போகிற பிள்ளை மாதிரி இருந்திருக்கும். நாலு வீடு தாண்டியதும் கால் தடுமாறிற்று. கையைக் கவனித்தால் கால் மறந்துபோகிறது. காலைக் கவனித்தால், இடது கை தானாக மேலே ஏறித் தோளில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கீழே இறக்கினேன். ஏறிற்று. மறுபடி இறக்கினேன். அதற்குக் கோபம் வந்ததுபோல மறுபடி ஏறிற்று.

பின்னால் பசாருக்குப் போக வந்துகொண்டிருந்தாள் பக்கத்து வீட்டுக்காரி. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அது அவளுக்கு அதிசயம். பிறகு கேட்டாள்.

"யக்கா, இன்னும் காண்டா தூக்கிட்டுத்தான் போறீங்களா?"

நான் நின்றுவிட்டேன்.

காண்டா என்பது தோளில் வைக்கிற கம்பு. முன்னால் ஒரு வாளி, பின்னால் ஒரு வாளி. மரத்தில் கட்டியிருக்கிற மங்கு மங்காகப் பாலை ஊற்றி வாளி நிறைந்ததும் கம்பைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். எனக்கு இடது தோள். இடது கை மேலே கம்பைப் பிடித்திருக்கும், வலது கை பின்வாளிக் கயிற்றைப் பிடித்திருக்கும். இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையக்கூடாது. அசைந்தால் பால் தளும்பும். மேட்டுக் காட்டில் இறங்கும்போதும் மழையில் மண் வழுக்கும்போதும் கால் மட்டும்தான் போக வேண்டும், உடம்பு சும்மா வர வேண்டும். என் வாளியில் பால் சிந்தாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அந்தத் தோட்டத்தை விற்றார்கள், மரத்தைச் சாய்த்தார்கள், பாமாயிலுக்குச் செம்பனை வைத்தார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவுகிறார்கள். கம்பை எங்கே வைத்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை. கை மட்டும் அதைக் கீழே வைக்கவில்லை.

"நீ மட்டும் என்னவாம்? மருந்து டாங்கி முதுகுல இருக்கிற மாதிரிதானே இன்னமும் குனிஞ்சு நடக்கிற," என்றேன். அவள் சட்டென்று முதுகை நிமிர்த்தினாள். பிறகு இரண்டு பேரும் ரோட்டு ஓரத்தில் நின்று சிரித்தோம். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. காரணம் தெரிந்தும் வட்டம் சாம்பலாகவே இருந்தது.

மகனுக்கு போன் போட்டு இதைச் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை. காரணம் காட்டி நம்ப வைக்க நான் என்ன மறுபடியும் கிராணி முன்னாலா நிற்கிறேன்? நடந்தேன் என்று நான் சொன்னால், அது அவனுக்குப் போதாதா? இதையே நினைத்து நினைத்து அந்த வாரம் முழுவதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போன் அடிக்கும், எடுத்து, ம் என்பேன், வைத்துவிடுவேன். வட்டம் நிறையவில்லை. அவனும் கேட்பதை நிறுத்திவிட்டான். கேட்காமல் இருந்தது இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்து நின்றது. பின்சீட்டில் இரண்டு காலிப் பெட்டி. மருமகள் வரவில்லை, எனக்கு அறை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள் என்றான். லிஃப்ட் அட்டைகூட எனக்கென்று ஒன்று வாங்கியாகிவிட்டதாம், சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான். யாரோ சொல்லித்தான் இருக்க வேண்டும், அல்லது அவனே யோசித்திருக்கலாம். நான் அதைத் தொடவில்லை. அவன் பெட்டியை இறக்கப் போனான்.

"பொட்டி அப்பறம். மொதல்ல என்கூட ஒரு சுத்து வா," என்றேன்.

வெயில் ஏறிவிட்டது என்றான். ஏறட்டும் என்றேன்.

நான் முன்னால் போனேன். எப்போதும் போகிறபடிதான் போனேன், கையைப் பற்றி நினைக்கவில்லை. ஸ்டேஷன் வரை அவன் பேசிக்கொண்டே வந்தான். செம்பனைக் காட்டு ஓரத்தில் பேச்சுக் குறைந்தது. கோயில் மேட்டில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பாதி மேட்டில் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றிருந்தான். சட்டை நனைந்திருந்தது. முன்னந்தலையில் முடி போய், மிச்சம் நரைத்து, என் மகன் ஒரு வயசான மனிதனாக அங்கே நின்றான். நான் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை.

"மெதுவாப் போங்கம்மா," என்றான்.

நான் இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றேன். மூச்சு வந்ததும் அவன் முதலில் செய்தது, என் கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்ததுதான். நூல் அளவுப் பச்சை. தன் கையைப் பார்த்தான். அவனும் அதே மாதிரி ஒன்று கட்டியிருக்கிறான், அதில் வட்டம் நன்றாகவே ஏறியிருந்தது. என்னுடையதைத் தட்டினான், சட்டை நுனியால் துடைத்தான்.

"ரோசாக் ஆயிடுச்சாம்மா?"

"கெட்டுப்போவல. என் கை ஆடாது. அதான்."

பேச்சு வாக்கில் கை தோளுக்குப் போய்விட்டிருந்தது. அவன் அந்தக் கையையே பார்த்தான்.

"நீங்க எப்பவும் இப்படித்தானே நடப்பீங்க. சின்னதுல நான் அத ஒங்க ஸ்டைலுன்னு நெனச்சேன்."

"ஸ்டைலு இல்லடா. பாலு."

அவனுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை. அவனும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன், வாளிகள் கவிழ்த்து வைத்திருக்கிற வாசலில் தவழ்ந்தவன். என் மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றினான். அந்த மேட்டிலேயே குந்தி உட்கார்ந்து, என் கணுக்காலில் கடைசித் துளையில் போட்டு மாட்டினான். யானைக்குச் சங்கிலி மாட்டுகிற மாதிரி இருக்கிறது, நாலு பேர் பார்ப்பார்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மாட்டி முடித்த பிறகு அவனால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டது. இடது கையை இறக்கி அவனுக்குக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டு எழுந்தான்.

இறங்கும்போது நான் கேட்டேன்.

"ஒன் வட்டம் கடைசியா எப்ப நெறைஞ்சிச்சு?"

"வேலை நாள்ல கஷ்டம்மா. இருட்டுல கெளம்பி இருட்டுல வர்றேன்."

"லீவு நாள்ல?"

"தூங்குவேன்மா."

வீட்டுக்கு வந்து கோப்பி குடித்தான். காலிப் பெட்டிகளை இறக்கவில்லை. தீபாவளி வரை பார்ப்போம், காலில் கட்டி எப்படி வருகிறதென்று பார்ப்போம் என்றான். மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் நான் என் கண்டிஷனைப் போட்டேன். என் வட்டத்தை நீ பார்க்கிறாயே, உன் வட்டத்தை என் போனில் வை என்றேன். சிரித்தான். பிறகு வைத்துவிட்டுப் போனான். அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டான். மறந்தானா, விட்டுப்போனானா தெரியவில்லை. சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

காலில் கட்டியது முதல் என் வட்டம் கோயில் மேட்டைத் தாண்டுவதற்குள் பச்சையாகிவிடுகிறது. கணுக்காலில் வாணம் வெடிக்கும். குனிந்து பார்க்க இடுப்பு விடாது, அதிர்வதை வைத்துத் தெரிந்துகொள்வேன். வீடு இப்போதைக்கு என்னுடையது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. போனை எடுத்து அவன் வட்டத்தைத் திறக்கிறேன். சாம்பல். கோப்பி போட்டுவிட்டு வந்து திறக்கிறேன். சாம்பல்தான், ஓரத்தில் ஒரு நூல். அந்த மேட்டில் அவன் குனிந்து நின்றது கண்ணுக்குள் வருகிறது. எழுந்து வாசலுக்குப் போகிறேன், வருகிறேன், மறுபடி திறக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நானே போன் போட்டேன். பஸ் சத்தம் கேட்டது.

"இன்னிக்கும் ஒக்காந்தே இருந்தியா?"

"இல்லம்மா. காலையிலயும் நின்னுகிட்டே போனேன், இப்பவும் நின்னுகிட்டேதான் வர்றேன். பாலத்துல ஜாம். நிக்கிறதெல்லாம் இது எண்ணாதும்மா."

வாட்ச் வேறு மாதிரி காட்டுகிறதே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, சரிடா, நீ சொன்னா சரி என்றேன்.

போனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. வாசல் கதவைத் திறந்து இறங்கி, தாமானை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். என் வட்டம் காலையிலேயே நிறைந்துவிட்டது. இது அதற்காக நடந்தது இல்லை.